பழைய பொருள் வாங்க வரும் சாரதாவுக்கு

புதுக்கோட்டை

அன்புள்ள சாரதா,

உன் கடிதம் கிடைத்தது. கிருகப்பிரவேசம் நல்லபடியாக முடிந்ததில் மனம் நிறைந்தது. உன் வீட்டுக்காரருக்குக் கண் தெளிவாகிவிட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே பெரியவனுக்குத் திருச்சிக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. வார இறுதியில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறான். வீடு கலகலவென்று இருக்கிறது.

கூடத்துக்கும் முற்றத்துக்கும் பழைய கலைப்பொருள்கள் வாங்க வேண்டும், காரைக்குடிக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வா. முனீஸ்வரன் கோவில் தெருவில் கடை கடையாக ஏறி இறங்குவோம். ஆனால் கடைக்குள் நுழைந்துவிட்டால் பேச்செல்லாம் விலையைப் பற்றியே ஓடும். அதனால் என் மனத்தில் இருப்பதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

கூடத்துச் சுவருக்குச் சரிகை ஒட்டிய சாமி படம் ஒன்று வாங்கு. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் வண்ண அச்சுப் படங்களாக வீடு வீடாக வந்து சேர்ந்தார்கள். அச்சு என்பதால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்திருக்க வேண்டும். நம் பக்கத்துப் பெண்கள் அப்படி விடவில்லை. புடவை இருக்கும் இடத்தில் நிஜத் துணியை வெட்டி ஒட்டினார்கள். கரைக்குச் சரிகை, நகைக்கு ஜிகினா, கழுத்துக்குப் பொடி மணி. முகமும் கையும் மட்டும் அச்சகத்துடையவை. மற்றதெல்லாம் அந்தந்த வீட்டுப் பெண்ணின் கைவேலை. சென்ற மாதம் ஒரு சரஸ்வதி படத்தைப் பார்த்தேன். ஓவியர் நிழல் போட்டிருந்த இடத்தில் சரியாக மடிப்பு விழும்படி துணியைச் சுருக்கி ஒட்டியிருந்தாள், யாரோ ஒருத்தி. எத்தனை மதிய நேரங்கள் அதற்குப் போயிருக்கும்! அவள் பெயர் எங்கும் இல்லை. ரவிவர்மாவின் பெயர் மட்டும் இருக்கிறது. எனக்கு அந்தப் படம் அவளுடையதாகத்தான் தெரிகிறது.

வரும்போது ஒரு பூதக்கண்ணாடி எடுத்து வா. இந்நாளைய அச்சுப் படத்தில் ஒரே சீராகப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். கல்லில் வரைந்து அச்சிடும் அந்தக் காலத்துக் கல்லச்சில் புள்ளிகள் மணலை இறைத்தாற்போல ஒழுங்கில்லாமல் இருக்கும். பிறகு சட்டத்தைத் திருப்பிப் பார். பழைய ஆணி என்றால் அதைச் சுற்றிப் பலகையில் துருக்கறை ஊறியிருக்கும். துரு பிடித்த ஆணியைப் புதுப் பலகையில் அடித்திருந்தால் அந்தக் கறை இருக்காது. பழைய வெள்ளிச் சரிகை கறுத்துப் போயிருக்கும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு. வெயில் படாத, ஈரம் கசியாத சுவரில் மாட்டினால் போதும்.

தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியமும் கண்ணில் படும். அதைக் கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைவார்கள். அதனால் கண், நகை, பூவேலை எல்லாம் முதலில், பின்னணி கடைசியில். மற்ற ஓவியங்களுக்கு நேர் தலைகீழான வேலை. ஈரக் காற்றில் அந்த வண்ணம் செதில் செதிலாக உரிந்துவிடும். உன் வீட்டில் குளிர்காலத்தில் சுவர் எப்படி இருக்கும் என்று பார்த்த பிறகு வாங்கலாம், அவசரமில்லை.

சமையலறைச் சாமான்களை நீ கேட்கவே இல்லை. நான் முதலில் கை வைப்பது அவற்றில்தான். பித்தளையில் கிளியும் குதிரையுமாக வார்த்து, இரும்பு அலகு பொருத்திய பாக்குவெட்டிகள் இருக்கின்றன. ஒன்றைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார். கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் வேலைப்பாடு மழுங்கி வழுவழுவென்று இருந்தால், அது ஒரு வீட்டில் பல காலம் புழங்கியது. பழையதுபோலச் செய்யப்பட்டவற்றில் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கும். மர அஞ்சறைப் பெட்டி என்றால் மூடியைத் திறந்து முகர்ந்து பார். பெருங்காய வாசனை மரத்தை விட்டு லேசில் போகாது. நீங்கள் புணேயில் இருந்தபோது ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்தைப் பார்த்திருப்பாயே. 1920 வாக்கில் சேர்க்கத் தொடங்கிய தினகர் கேல்கர், சிறு வயதில் இறந்துபோன மகன் ராஜாவின் பெயரை அதற்கு வைத்தார். விளக்கு, பாக்குவெட்டி, வீட்டுப் பாத்திரம் என்று அன்றாடம் புழங்கிய பொருள்களுக்கு அங்கே எவ்வளவு மதிப்பான இடம்!

உன் மாமியாரின் பரணில் என்ன இருக்கிறது என்றும் பார். பல்லாங்குழி, மரப்பாச்சி எது கிடைத்தாலும் யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதி வை. கடையில் எவ்வளவு கொடுத்தாலும் அந்த விவரம் கிடைக்காது.

கனடாவில் இருக்கும் மகளுக்கும் ஏதாவது அனுப்ப வேண்டும் என்கிறாய். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அவளுக்குப் கொட்டான் என்கிற பனையோலைக் கூடைகள் புதிதாக வாங்கித் தருகிறேன். செட்டிநாட்டுப் பெண்கள் இன்றும் அழகாக முடைகிறார்கள்.

நீ கேட்டதில் ஒன்றை மட்டும் நான் வாங்கித் தரமாட்டேன். முற்றத்தில் வைக்க அய்யனார் கோவிலின் பழைய மண் குதிரை வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அது ஓர் ஊர் நேர்ந்துகொண்டு கொடுத்தது. ஊரார் பிடிமண் என்று ஒரு பிடி மண்ணை எடுத்துக் கொடுத்த பிறகுதான், குதிரை செய்யும் குயவரான வேளார் வேலையைத் தொடங்குவார். புரவியெடுப்புத் திருவிழா அன்று குதிரைகளைத் தோளில் சுமந்து போய் அய்யனார் முன்னால் இறக்கிவிட்டு வருவார்கள். அதற்குப் பிறகு யாரும் அவற்றைப் பழுது பார்ப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் நின்று, காது உதிர்ந்து, கால் விரிசல் விட்டு, அங்கேயே மண்ணாகிவிடும். அடுத்த புரவியெடுப்புக்குப் புதிய குதிரை வரும். பாசி படிந்த, மூக்கு உடைந்த குதிரைக்குத்தான் நகரத்தில் மதிப்பு என்பதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அய்யனாரிடமிருந்து எடுத்து வந்ததை உன் முற்றத்தில் பார்க்க என்னால் முடியாது. உனக்கும் விவரம் தெரிந்தால் மனம் வராது.

அதற்குப் பதில் இங்கே ஒரு வேளாரிடம் உன் முற்றத்துக்கு ஏற்ற குதிரை ஒன்று சொல்லிவிடுவோம். களிமண்ணில் மணலும் உமியும் கலந்து மிதித்து, கால்களை உருளை உருளையாக வனைந்து நிறுத்தி, அதன்மேல் உடம்பை ஏற்றுவதை நீயே உட்கார்ந்து பார்க்கலாம். கழுத்து மணியும் சேணமும் எப்படி வேண்டும் என்று அவரிடமே சொல். நிழலில் காய்ந்த பிறகுதான் சூளையில் வைப்பார்கள். அதற்கு நாள் பிடிக்கும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சூளை போட முடியாது. ஆகவே ஆவணிக்குள் வந்துவிடு. முற்றத்தின் நீள அகலத்தை அடுத்த கடிதத்தில் எழுது, நான் முன்கூட்டியே பேசி வைக்கிறேன்.

அன்புடன்,
மீனாட்சி