விடையை முதலிலேயே அச்சடித்துவிட்டு எதைத் தேடச் சொல்கிறீர்கள்?

பாடத்திட்டக் குழுவினருக்கும் வினாத்தாள் அமைப்பவர்களுக்கும்,

வணக்கம். உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் என்ற முறையில் எழுதுகிறேன். சுற்றுச்சூழல் பாடத்தை மாணவர்கள் கேள்வி கேட்டு, தேடிக் கற்க வேண்டும் என்று முன்னுரையில் அழகாக எழுதுகிறீர்கள். அத்தியாயத்தின் கடைசியில் ‘செய்து பார்’ என்று ஒரு கட்டமும் இருக்கிறது. அதற்கு நேர் கீழே விடையும் இருக்கிறது. அப்புறம் எந்தப் பிள்ளை தேடும்?

பிளாஸ்டிக் பையை விட்டுத் துணிப்பைக்கு மாற வேண்டும் என்பது எல்லா மாணவருக்கும் மனப்பாடம். சரி, ஒரு துணிப்பையை எத்தனை முறை எடுத்துப்போனால் அது பிளாஸ்டிக் பையைவிட மேல்? டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டது. பருவநிலை பாதிப்பை மட்டும் பார்த்தால் சாதாரணப் பருத்திப் பைக்கு 52 முறை. ஓசோன் படலம் உட்பட மற்ற பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை. இதை வகுப்பில் வைத்துப் பாருங்கள். “அப்போ பிளாஸ்டிக்தான் நல்லதா?” என்று ஒருவன் துள்ளுவான். ஒரே பைக்கு இரண்டு எண்கள் ஏன் என்று இன்னொருத்தி கேட்பாள். வீசியெறிந்த பை கடலில் சேர்வதை அந்த ஆய்வு கணக்கில் சேர்க்கவில்லை என்று தெரிந்ததும் சண்டை இன்னும் சூடுபிடிக்கும். எனக்கு வேண்டியது அந்தச் சண்டைதான். ஆனால் உங்கள் வினாத்தாள் கேட்பதோ, ‘பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பதன் நன்மைகள் ஐந்தினைக் கூறுக.’

இவ்வளவு பெரிய விஷயம்கூட வேண்டாம், ஒழுகும் குழாய் போதும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளி என்பது வழக்கமான கணக்கு. விநாடிக்கு ஒரு துளி என்றால் நாளுக்கு 86,400 துளி, ஏறக்குறைய 4.3 லிட்டர். இதைக் கரும்பலகையில் போட்டுவிட்டால் ஐந்து நிமிடத்தில் பாடம் முடிந்தது. பிள்ளைகளிடம் அளவுஜாடியைக் கொடுத்துப் பாருங்கள், இரண்டு பீரியட் போய்விடும். ஒரு குழுவின் விடை இன்னொரு குழுவுடையதைப் போல இரு மடங்கு வரும். யார் தப்பு என்று முதலில் கத்துவார்கள். பிறகு இரண்டு குழாயின் வாயையும் போய்ப் பார்ப்பார்கள். வாய் அகலமானால் துளியும் பெரிதாகும் என்பது அங்கேதான் பிடிபடும். எல்லாத் துளியும் ஒரே அளவு என்று நாம் எடுத்துக்கொண்டதே ஓர் ஊகம்தான் என்பதும் தெரியவரும்.

எல்லாவற்றையும் மாணவர் கையில் விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வழிகாட்டுதல் குறைந்த கற்பித்தல் புதிதாகக் கற்பவர்களுக்குப் பலன் தராது என்று கல்வி உளவியல் ஆய்வாளர்களான கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-இலேயே வாதிட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அளக்கத் தெரியாதவனிடம் ஆராய்ச்சி செய் என்றால் அவன் முழிக்கத்தான் செய்வான். அளக்கும் முறையை நாங்கள் சொல்லித் தருகிறோம். முடிவை மட்டும் நீங்கள் முன்கூட்டியே அச்சடிக்காதீர்கள்.

இதற்கு நேரம் வேண்டும். பருவத்துக்கு ஓர் அத்தியாயத்தைக் குறையுங்கள். எதைக் குறைப்பது என்று கேட்டால், மாசுபாட்டின் வகைகளை நான்காவது முறையாகப் பட்டியலிடும் அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம். உலகப் பூமி நாளுக்குச் சார்ட் ஒட்டும் போட்டியையும் நிறுத்தலாம், யாரும் அழ மாட்டார்கள். ரெக்கார்டு நோட்டில் அடித்துத் திருத்திய அளவீடும், ‘இது ஏன் இப்படி வந்தது என்று தெரியவில்லை’ என்ற வரியும் மதிப்பெண் பெறட்டும். இப்போது அவற்றுக்கு மதிப்பெண் கழிகிறது. அதனால்தான் பிள்ளைகள் பக்கத்து நோட்டைப் பார்த்துச் சுத்தமான எண்களை எழுதிவைக்கிறார்கள்.

பொதுத்தேர்வில் ஒரே ஒரு வினாவை மாற்றினாலும் போதும். சிறிய அட்டவணை ஒன்றைக் கொடுத்து, ‘இதிலிருந்து எந்த முடிவுக்கு வர முடியாது, ஏன்?’ என்று கேளுங்கள். தேர்வில் வந்துவிட்டால் வகுப்பில் தானாக வந்துவிடும். இது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். திருத்துவது கடினம் என்பீர்கள். விடைக்குறிப்போடு மாதிரி வினாக்களை எழுதித்தர நான் தயார். அடுத்த வினாத்தாள் கூட்டத்துக்கு முன் கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்