இறாலுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்த அண்ணனுக்கு

வடசென்னை வாசக நண்பர்களுக்கும், முழங்கால் தண்ணீரில் நின்று கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகம் கொடுத்த எல்லாருக்கும் வணக்கம்.

வெள்ளத்தில் நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து கொருக்குப்பேட்டை வரை எல்லார் வீட்டுக்குள்ளும் வந்தது ஒரே தண்ணீர்தான். எங்கள் வாசகர் வட்டத்து அறையின் கீழ்த்தட்டுப் புத்தகங்களில் பெரும்பாலானவை பிழைத்துவிட்டன. அந்தச் சேதியையும், பிழைக்கவைத்தவர்களுக்கு நன்றியையும் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

பெரிய நன்றி ஒருவருக்கு. காசிமேட்டில் ஏற்றுமதி இறால் வைக்கும் குளிர் அறையில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் அண்ணன் அவர். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் எங்கள் வட்டத்து உறுப்பினர் இல்லை, எங்களில் யாருக்கும் முன்பின் பழக்கமும் இல்லை. புத்தகங்களை மாடிக்கு ஏற்றக் காலி மீன் பெட்டி கேட்டுப் போன பிள்ளைகளிடம் எதற்கு என்று விசாரித்தார். பெட்டியும் கொடுத்தார், குளிர் அறையில் ஒரு ரேக்கையும் ஒழித்துக் கொடுத்தார். முதலாளியிடம் அவரே பேசிக்கொண்டார். ஊரெல்லாம் கரண்ட் இல்லாத நேரத்தில் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்த அறை அது.

அந்த ஒரு ரேக் என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் நன்றியின் அளவு புரியும். நனைந்த புத்தகத்தில் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். காற்றோட்டமில்லாத அறையில் அதற்கு முன்பே பிடித்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் ஒரு புத்தகத்தைச் சரியாகக் காயவைக்க ஒரு வாரம் வரை ஆகும், ஆளும் இடமும் வேண்டும். ஒரு அறையில் ஒரு தடவைக்கு இருபது புத்தகத்துக்கு மேல் கவனிக்க முடியாது. மற்றவை குவியலில் கிடந்து அழுகும். உறையவைத்துவிட்டால் அந்த அவசரம் போய்விடுகிறது. பூஞ்சை சாகாது, ஆனால் வளராது. மை மேலும் கசியாது. மைனஸ் 18 டிகிரியோ அதற்குக் கீழேயோ இருந்தால் மாதக்கணக்கில்கூட வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம். 1972இல் அமெரிக்காவில் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தின் நூலகம் வெள்ளத்தில் மூழ்கியபோதும் புத்தகங்களை இப்படித்தான் உறையவைத்தார்கள்.

இதைப் படித்துத் தெரிந்துவைத்திருந்தவர்கள் எங்களில் இரண்டு பேர். அண்ணனுக்கு இது தொழிலாகவே தெரிந்திருந்தது. பெட்டிகளை இடைவெளியில்லாமல் அடுக்கப் போனவர்களை நிறுத்தி அவர் சொன்னது: “நெருக்கி அட்க்காதீங்கபா. நடுவுல காத்து போவணும். சீக்கிரம் ஒறஞ்சாதான் சதை கெடாது. மெதுவா ஒறஞ்சா உள்ள ஐஸ் பெருசா புடிக்கும், எறா கூழாப் பூடும்.” காகிதத்துக்கும் அதே கதைதான். மெதுவாக உறைந்தால் உள்ளே பனிப்படிகம் பெரிதாகி நாரைப் பிய்க்கும், கட்டு உப்பி வாய் பிளக்கும். சீக்கிரம் உறைந்தால் படிகம் சிறிது, சேதமும் குறைவு. பெட்டிக்குப் பெட்டி நாலு விரல் இடைவெளி விட்டு, சுவரில் படாமல், ஃபேன் காற்று வரும் பக்கமாக வைக்கச் சொல்லிக் கூடவே நின்றார். இறால் பெட்டிக்குக் கட்டும் லாட் அட்டையையே எங்கள் பெட்டிகளுக்கும் கட்டி, எண் எழுதிக் கொடுத்தார். எந்தப் பெட்டியில் எந்த அலமாரிப் புத்தகம் என்று இன்றைக்கு எங்களால் சொல்ல முடிவது அந்த அட்டைகளால்தான்.

அடுக்கிய முறையைக் குறித்துவைக்கிறோம். இன்னொரு தெருவுக்கு உதவும். சேறு படிந்த புத்தகத்தை மூடியபடியே இறுக்கிப் பிடித்து, நல்ல தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் சேறு நாருக்குள் ஏறிவிடும். சாக்கடைத் தண்ணீர் கலந்ததைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. நனைந்த புத்தகத்தைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும், ஈரத்தில் காகிதத்துக்குப் பலமே கிடையாது. ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் தளர்வாகச் சுற்றி, முதுகு கீழே இருக்கும்படி ஒரே வரிசையாக, பெட்டி பிதுங்காமல் நிறுத்த வேண்டும். மீன் பெட்டியில் பக்கவாட்டு ஓட்டை இருப்பதால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். வாடை ஏறாமலிருக்கப் பெட்டியை முன்னாடியே கழுவிக் காயவைத்து, வடிந்தபின் வெளியே ஒரு பாலிதீன் சுற்று. பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே வரக் கூடாது.

எதை முதலில் ஏற்றுவது என்ற கேள்விக்கு விலை பார்க்கவில்லை. எங்கள் புத்தகங்களின் பின்னட்டை உள்பக்கத்தில் ஒரு கருத்துத் தாள் ஒட்டியிருக்கும். படித்தவர் இரண்டு வரி எழுத வேண்டும், அடுத்தவர் அதற்குக் கீழே மறுத்தோ ஒத்தோ எழுத வேண்டும். புத்தகத்தைக் கடையில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அந்தத் தாளை வாங்க முடியாது. ஆகவே தாள் நிறைந்தவை முதலில் ஏறின. அடுத்து ஆர்ட் பேப்பர் புத்தகங்கள். வழவழப்பான பக்கங்கள் ஈரத்தோடு காய ஆரம்பித்தால் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. சில மணி நேரத்துக்குள் உறையவைத்தாக வேண்டும். பிறகு தையல் பைண்டிங் போட்ட பழைய பதிப்புகள். வெறும் பசையில் ஒட்டியவை தாள் தாளாகக் கழன்று வந்தன, அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொண்டோம். கருத்துத் தாள்களில் பென்சிலில் எழுதியது அப்படியே இருக்கிறது. பால்பாயிண்ட் பேனா பெரும்பாலும் தப்பியது. மைப்பேனா எழுத்துகள் நீலக் கறையாகிவிட்டன. இனிமேல் கருத்துத் தாளில் பென்சில் மட்டும்தான். இது முடிவாகிவிட்டது, தயவுசெய்து மாற்றக் கேட்காதீர்கள்.

அடுத்த நன்றிகளைச் சேர்த்தே சொல்கிறோம், குறைவாக நினைக்க வேண்டாம். மீன்பாடி வண்டியைக் கூலி வாங்காமல் காசிமேட்டுக்கும் இங்குமாக மிதித்த தம்பிகள், ரீலில் மிஞ்சிய அச்சேறாத நியூஸ்பிரிண்ட்டை உருட்டிக் கொடுத்த அச்சகத்தார், ஏசி அறையைத் திறந்துவிட்ட ஜெராக்ஸ் கடை அக்கா, பக்கம் பக்கமாகத் தாள் மாற்றிய பள்ளிப் பெண்கள், சேற்றையும் கூழான காகிதத்தையும் அள்ளிப்போன தூய்மைப் பணியாளர்கள், கேட்காமலே டீ அனுப்பிய கடைக்காரர். உங்கள் எல்லாருக்கும் நன்றி.

அந்தப் பெண்கள் செய்தது பொறுமையான வேலை. உறைந்த புத்தகத்தைச் சுற்றின தாளோடு வைத்து இளகவிட்டு, நுனியில் நிறுத்தி, விசிறிபோல லேசாக விரித்துவைக்க வேண்டும். சொட்டும் ஈரம் போனதும் இருபது, முப்பது தாளுக்கு ஒன்றாக நியூஸ்பிரிண்ட் செருக வேண்டும். செருகியதன் மொத்தத் தடிமன் புத்தகத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முதுகு விட்டுப்போகும். சில மணிக்கு ஒருதரம் தாளை மாற்றி, புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். அச்சடித்த செய்தித்தாளைச் செருகினால் மை இறங்கும். வெயிலில் போட்டால் அட்டை சுருண்டு, தாள் பழுத்துப்போகும். மின்விசிறி புத்தகத்தின் மேல் நேராக வீசாமல் அறைக்குள் காற்று சுற்றும்படி இருக்க வேண்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க நடுப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல வழி; சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். முழுக்கக் காய்ந்த பிறகுதான் பலகைக்கிடையில் வைத்துப் பாரம் ஏற்ற வேண்டும்.

அண்ணன் பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான். “கடலப் பத்தி எதனா நல்லா எழுதினது இருந்தா சொல்லுங்க. எம் பொண்ணு படிக்கும், நானும் ராத்திரில பாப்பேன்.” பிழைத்த கருத்துத் தாள்களை வைத்து இந்தப் பட்டியலைப் போட்டோம். வாசக நண்பர்களும் சேர்ந்து சண்டை போடலாம்.

முதலில் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’. சின்ன நாவல், இரண்டு இரவு ஷிஃப்டில் முடிந்துவிடும். மணப்பாட்டுக் கடற்கரை, நாட்டுப் படகான வல்லத்துக்கும் விசைப்படகான லாஞ்சுக்கும் இடையே மூளும் பகை, வல்லத்தை விற்கச் சொல்லும் மகன், விற்க மனசில்லாத அப்பா. விசைப்படகு வந்தபோது காசிமேட்டில் நடந்த பேச்சை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு வரிகூட விளக்க வேண்டாம். அந்த வீட்டு மகள் பிலோமி தன் இழப்பை வெறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்வது பற்றித் தாளில் எட்டுப் பேர் எழுதியிருக்கிறார்கள். பாதிப் பேருக்கு அது பெருந்தன்மை, பாதிப் பேருக்கு ஆற்றாமை. எங்கள் கட்சி பெருந்தன்மைதான்.

அதற்குப் பிறகு மலையாள எழுத்தாளர் தகழியின் ‘செம்மீன்’, சுந்தர ராமசாமியின் தமிழில். கடலுக்குப் போன ஆணின் உயிர் கரையில் இருக்கும் பெண்ணின் ஒழுக்கத்தில் தொங்குகிறது என்ற நம்பிக்கைதான் கதையின் அச்சு. இதன் தாளில் பெண்கள் எழுதியவை கடுமையானவை, நியாயமானவையும்கூட. விடியற்காலையில் ஏலம் எடுத்துக் கூடை சுமந்து வீட்டை நடத்தும் பெண்களைப் பார்த்து வளர்ந்த பகுதி இது. நாயகி கறுத்தம்மா மீது ஏற்றப்படும் பாரத்தைக் கேள்வி கேட்காமல் இங்கே யாராலும் படிக்க முடியாது. அப்படிக் கேட்டுக்கொண்டே படித்தால் நாவல் இன்னும் பெரிதாகத்தான் தெரிகிறது.

ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ பெரியது. நிறையப் பேர் முதல் ஐம்பது பக்கத்திலேயே இறக்கிவைத்துவிடுகிறார்கள். தென்கடற்கரைப் பேச்சும், அடுக்கடுக்காக வரும் பெயர்களும்தான் காரணம். இரண்டு வழி உண்டு. ஒன்று, தெரியாத சொல்லுக்கு நிற்காமல் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போவது; நூறு பக்கத்துக்குள் காது பழகிவிடும். இன்னொன்று, ஒரு தாளில் குடும்ப வரிசையை எழுதிக்கொள்வது. எங்கள் பிரதியில் யாரோ பென்சிலில் போட்ட வம்சப்படம் இருக்கிறது, தண்ணீருக்கும் தப்பிவிட்டது. அண்ணன் வீட்டுக்கு அந்தப் பிரதியையே அனுப்புகிறோம். தொழில் நுணுக்கத்தில் இதற்கு ஈடாக இந்தப் பட்டியலில் வேறொன்று இல்லை.

ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. கதையாக அங்கங்கே தளரும். நேரில் போய்ப் பார்த்து, கேட்டு எழுதிய செய்தி அதிகம். ஆனாலும் எண்ணூர்ப் பக்கம் உப்பளத்தைத் தாண்டிப் போனவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் மலிவான பதிப்பு கிடைக்கும்.

பெண்ணுக்கு, ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’. சிறியது, தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்பு உண்டு. 84 நாள் மீன் கிடைக்காத கிழவன் தன்னந்தனியாகப் போகிறான். எங்கள் தாளில் ஒரு மீனவ வாசகர் கேட்டிருக்கும் கேள்வி அப்படியே: “84 நாள் மீன் இல்லாதவன் வாங்கின கடன் எங்கே? கேட்டு வீட்டு வாசலுக்கு யாருமே வரலியா?” இந்தக் கேள்விக்குக் கீழே இன்னும் யாரும் பதில் எழுதவில்லை.

பட்டியல் முழுக்கத் தெற்கேயும் மேற்கேயும் சாய்ந்திருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரிகிறது. சென்னையின் மீனவக் குடும்பத்தில் பிறந்து, வீடு நிறையப் புத்தகம் சேர்த்து, 1923இல் இதே பட்டினத்துக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரின் ஊர் இது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள கரையை உள்ளிருந்து சொல்லும் கதை, கட்டுரை எதுவானாலும் எழுதியனுப்புங்கள். கீழ்த்தட்டு இனிக் காலியாகவே இருக்கும். தரையிலிருந்து இடுப்பளவுக்கு மேலேதான் புத்தகம். இடம் குறைவு, ஆனாலும் இதற்கு இடம் உண்டு.

இன்னும் சில பெட்டிகள் குளிர் அறையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பெட்டி எடுக்கிறோம். தாள் மாற்ற வருபவர்கள் கையைக் கழுவி, துடைத்துவிட்டு வாருங்கள், பேனா வேண்டாம். சீசன் சூடுபிடித்து அண்ணனுக்கு ரேக் தேவைப்படுவதற்குள் காலி செய்து, பெட்டிகளைக் கழுவி, லாட் அட்டைகளோடு ஒப்படைத்துவிட வேண்டும்.

அன்புடன்,
வாசகர் வட்டத்தார்
பழைய வண்ணாரப்பேட்டை