உங்கள் பாய்லர் குடிக்கும் தண்ணீர்: திருப்பூர் பகுதி ஆலை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் அயர்னிங், காம்பாக்டிங், வாஷிங், சாயம் என்று ஏதோ ஒரு வேலைக்காக பாய்லர் வைத்திருக்கும் முதலாளிமார்களுக்கு வணக்கம்ங்க.

பதினாறு வருடம் பாய்லர் ஓட்டிவிட்டு, இப்போது தண்ணீர் டெஸ்ட் பார்ப்பதும், கடின நீரை மென்நீராக்கும் சாஃப்ட்னரின் சர்வீஸும் என் பிழைப்பு. உங்களில் பலர் எனக்கு போன் போடுவதே இரவு பத்து மணிக்கு மேல்தான். ஸ்டீம் ஏறவில்லை, விறகு தள்ளிக்கொண்டே இருக்கிறோம், விடிந்தால் கண்டெய்னர் ஏற்ற வேண்டும் என்பீர்கள். அந்த நேரத்தில் நான் சொல்வது எதுவும் காதில் ஏறாது, ஏறவும் வேண்டாம். அதனால் எழுதி வைக்கிறேன், ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

கொஞ்ச நாள் முன்னால் ஒரு அயர்னிங் யூனிட்டில் வெள்ளை டி-ஷர்ட்டில் எல்லாம் பழுப்புப் புள்ளி. முதலாளி முதலில் அயர்ன் மாஸ்டரைத் திட்டினார், அப்புறம் அயர்ன் பாக்ஸின் அடித்தகட்டை மாற்றினார், அப்புறம் ஹோஸ். புள்ளி நிற்கவில்லை. நான் போய் பாய்லருக்குள் இருக்கும் தண்ணீரை ஒரு எவர்சில்வர் டம்ளரில் பிடித்து, ஆறவைத்து மீட்டரை விட்டேன். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 6000 பிபிஎம்மை (லிட்டருக்கு 6000 மில்லிகிராம்) தாண்டி நின்றது. இந்த அளவு பாய்லருக்கு 3500-க்கு மேல் போகவிடக் கூடாது. அதற்கு மேல் போனால் தண்ணீர் பால் பொங்குவதுபோல் நுரைத்து, ஸ்டீமோடு சேர்ந்து பைப்பில் ஏறிவிடும். துணியில் விழுந்த பழுப்பு அந்தத் தண்ணீரில் இருந்த உப்பும் துருவும்தான். உப்பேறிய தண்ணீரை அவ்வப்போது வெளியே திறந்துவிடும் ப்ளோடவுனை ஏன் விடவில்லை என்று பாய்லர்காரரைக் கேட்டால், "சுடுதண்ணிய வெளிய விட்டா வெறகு வீணாப் போகுதுன்னு மொதலாளி வையறாருங்க" என்றார். வைதது நியாயமாகத்தான் தெரியும், கொதிக்கிற தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் அடைத்து வைத்ததால் போனது எத்தனை பீஸ் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

சரி, எவ்வளவு வெளியே விட வேண்டும்? பாய்லருக்குள் போகும் தண்ணீரின் டிடிஎஸ் 1000, உள்ளே 3500 வரை அனுமதி என்றால், 1000-ஐ 2500-ஆல் வகுங்கள். 100 லிட்டர் தண்ணீர் ஆவியானால் 40 லிட்டரைக் கொதிக்கக் கொதிக்க வெளியே கொட்ட வேண்டும். அதே பாய்லருக்கு டிடிஎஸ் 100 உள்ள ஆர்.ஓ. தண்ணீர் கொடுத்தால் 3 லிட்டர் போதும். "ஆர்.ஓ. எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது" என்று சொல்வதற்கு முன்னால் இந்தக் கணக்கை உங்கள் விறகு பில்லோடு வைத்துப் பாருங்கள்.

"சாஃப்ட்னர்தான் இருக்கே, அப்புறமும் டிடிஎஸ் குறையலையே?" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். குறையாதுங்க. சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை, மாற்றிக் கொடுக்கிறது. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அதன் உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. ட்யூப் மேல் கல்லாகப் படிவது முதல் இரண்டும்தான், சோடியம் கரைந்தே கிடக்கும். அதனால் கல் பிடிக்காமல் இருக்க சாஃப்ட்னர், டிடிஎஸ் குறைய ஆர்.ஓ. இரண்டும் வேறு வேறு வேலை.

இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். ரெசினுக்கு வயிறு ஒரு அளவுதான். 100 லிட்டர் ரெசின் சுமாராக 5 கிலோ கடினத்தன்மையைப் (ஹார்ட்னஸ், அந்தக் கால்சியமும் மெக்னீசியமும்தான்) பிடிக்கும். போர் தண்ணீரின் ஹார்ட்னஸ் 500 பிபிஎம் என்றால், 10,000 லிட்டர் ஓடியதும் வயிறு நிறைந்துவிடும். ஒரு டன் பாய்லர் முழு லோடில் மணிக்கு 1000 லிட்டர் குடிக்கும், ஆகப் பத்து மணி நேரம். அதற்குள் 12, 15 கிலோ உப்பைக் கரைத்து விட்டு ரெசினைத் திரும்பத் தயார் செய்ய வேண்டும். கோடையில் போர் கீழே இறங்கி ஹார்ட்னஸ் 800 ஆகிவிட்டால் அதே ரெசின் 6,250 லிட்டருக்கு மேல் தாங்காது. நீங்களோ திங்கள், வியாழன் என்று கிழமை பார்த்து உப்பு விடுகிறீர்கள்! மீதி நாளெல்லாம் போர் தண்ணீர் அப்படியே பாய்லருக்குள் போகிறது, சாஃப்ட்னர் சும்மா ஒரு பைப்பாக நிற்கிறது.

இதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டாம். சாஃப்ட்னரைத் தாண்டி வரும் தண்ணீரை ஒரு சின்னக் குடுவையில் பிடித்து, ஹார்ட்னஸ் டெஸ்ட் கிட்டில் இருக்கும் பஃபர் கரைசல் சில சொட்டு, இண்டிகேட்டர் ஒரு சிட்டிகை போட்டு ஆட்டுங்கள். நீலமாக வந்தால் நல்லது. திராட்சைப் பழச் சிவப்பு வந்தால் ஹார்ட்னஸ் கசிகிறது. ஒரு நிமிட வேலை. நான் போகும் பத்து இடத்தில் எட்டில் அந்த டெஸ்ட் கிட் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது, பஃபர் பாட்டில் காய்ந்து மூடியோடு ஒட்டியிருக்கிறது.

ட்யூப் மேல் 0.8 மில்லிமீட்டர் கல் படிவு (ஸ்கேல்) இருந்தால் சாதாரண ஸ்கேலில் 2 சதவீதம், இரும்பும் சிலிக்காவும் கலந்த ஸ்கேலில் 7 சதவீதம் வரை எரிபொருள் கூடுதலாகும் என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் பட்டியல் சொல்கிறது. விறகு போனால் போகட்டும் என்றாலும், வெப்பம் தண்ணீருக்குப் போக வழியில்லாமல் ட்யூப் சூடேறி உப்பிவிடும். 25 லிட்டருக்கும் குறைவான கொள்ளளவில், சுருள் குழாயில் தண்ணீர் ஓடும் காயில் பாய்லர் வைத்திருப்பவர்களுக்கு பாய்லர் இன்ஸ்பெக்டர் வருவதில்லை என்பதில் ஒரு நிம்மதி, தெரியும். அடைத்துக்கொள்வதில் முதலிடமும் அந்தக் காயிலுக்குத்தான்.

அடைத்த பிறகு கடையில் ஆசிட் வாங்கி ஊற்றுகிற வேலையை விடுங்கள். இரும்பு அரிக்காமல் தடுக்கும் இன்ஹிபிட்டர் சேர்க்காத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஸ்கேலோடு இரும்பையும் தின்னும், சிலிக்கா ஸ்கேலை அது தொடக்கூட தொடாது. பைப்பில் காந்தம் மாட்டினால் போதும் என்று விற்க வருபவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: காந்தத்தைத் தாண்டி வரும் தண்ணீர் குடுவையில் நீலமாகுமா? ஆகாது.

இன்னொன்று ஆக்சிஜன். ட்யூப் உள்ளே ஊசியால் குத்தியதுபோல் குழி விழுவது அதனால். 30 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு ஏழு மில்லிகிராமுக்கு மேல் கரைந்திருக்கும், 90 டிகிரியில் இரண்டுக்கும் கீழே வந்துவிடும். அயர்ன் டேபிளில் இருந்து வரும் கண்டன்சேட்டை, அதாவது ஸ்டீம் குளிர்ந்து ஆன தண்ணீரை, சாக்கடையில் விடாமல் பாய்லருக்குத் தண்ணீர் கொடுக்கும் ஃபீட் டேங்குக்குத் திருப்பினாலே பாதி வேலை முடிந்தது. அது சூடான தண்ணீர், டிடிஎஸ்ஸும் அனேகமாக இல்லை. டேங்கை மட்டும் உயரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் சூட்டுக்குப் பம்ப் இழுக்காது. மிச்சமிருக்கும் ஆக்சிஜனுக்கு சோடியம் சல்பைட்.

உப்பு விட்டுக் கழுவிய தண்ணீரை எங்கே விடுகிறீர்கள் என்று கேட்டால் யாரும் முகம் பார்த்துப் பதில் சொல்வதில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் உப்பால் என்ன ஆயின என்பதைப் பார்த்த ஊர் இது. சாயக்காரர்களுக்கு ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாடு வந்துவிட்டது. அயர்னிங் யூனிட்டின் பத்துப் பதினைந்து கிலோ உப்பை யாரும் எண்ணுவதில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது. ஒரு தெருவில் ஏழெட்டு யூனிட் இருந்தால் சேர்ந்து ஒரு தொட்டி கட்டி, சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப முடியுமா என்று உங்கள் சங்கத்தில் பேசுங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. பாய்லர்காரருக்கு ஒரு நோட்டும், புது பஃபர் பாட்டிலும், "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரமும் கொடுங்கள். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் வீண். நாளைக் காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் நீங்களே பக்கத்தில் நின்று குடுவையைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் முதலில் உப்பு விடச் சொல்லுங்கள், ஒன்றரை மணி நேரம் ஆகும். லோடு தாமதமாகப் போகட்டும், அதற்காக அவரைத் திட்டாதீர்கள்.