ஆண்டறிக்கை 2024-25: பொது வழியும் குறுக்கே நிற்கும் வண்டியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் குடியிருப்போரே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். தெருவிளக்கு, கொசு மருந்து, மழைநீர் வடிகால் தூர்வாரியது பற்றிய கடிதங்கள் சங்கக் கோப்பில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தை அதிகம் தின்றது பொது வழியை அடைத்து வண்டி நிறுத்தும் தகராறுதான். ஆகவே அறிக்கையின் பெரும்பகுதியும் அதற்கே.

"சார், கேட்டுக்கு முன்னாடி வண்டி நிக்குது." எல்லாப் புகாரும் இப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு இடங்கள் இருக்கின்றன: பத்திரப்படி இரண்டு மூன்று வீடுகளுக்குப் பொதுவான காமன் பாசேஜ், அடுக்குமாடிக் குடியிருப்பின் டிரைவ்வே, மாநகராட்சிச் சாலை. மூன்றுக்கும் தட்ட வேண்டிய கதவு வேறு வேறு. பாசேஜ் விவகாரத்துக்குப் போக்குவரத்துக் காவலரையும், சாலை விவகாரத்துக்கு வக்கீலையும் தேடிப் போனதில்தான் பலருக்கு மாதங்கள் வீணாயின.

முதலில் பாசேஜ். நம் பகுதியின் பழைய மனைகளில், ஒரு கிரவுண்டோ இரண்டு கிரவுண்டோ பாகம் பிரிந்தபோது பின்வீட்டுக்குப் போக பக்கவாட்டில் 8 அடி, 10 அடி என்று வழி விட்டிருப்பார்கள். இதில் சண்டை வந்தால் முதலில் எடுக்க வேண்டியது பட்டாவை அல்ல, பத்திரத்தை. பட்டாவும் புலப்படமும் எல்லையைக் காட்டும். தனியார் வழியை எப்போதும் காட்டும் என்று சொல்ல முடியாது. வழி நிலம் முன்வீட்டுக்காரரின் சர்வே எண்ணுக்குள்ளேயே இருக்கலாம். அதனால் மட்டும் பின்வீட்டின் உரிமை போய்விடாது.

பத்திரத்தின் கடைசியில் வரும் சொத்து விவரத்தை வரி வரியாகப் படியுங்கள். நான்கெல்லை சொல்லும் இடத்தில் "10 அடி பொதுப் பாதைக்கு மேற்கு" என்பது போல் இருக்கும். அதற்குக் கீழே "மாமூல் வழிநடை பாத்தியங்கள் சகிதம்" என்று ஒரு வரி வரும். பலரும் சடங்குச் சொல் என்று தாண்டிப் போவது இந்த வரியைத்தான். "பொதுப் பாதையில் பாதி பாகம்" என்றிருந்தால் நிலத்திலேயே பங்கு உண்டு. "வழிநடை பாத்தியம்" என்று மட்டும் இருந்தால் போய்வரும் உரிமை உண்டு, நிலத்தில் பங்கு இல்லை. "வண்டி வாகனங்கள் போக வர" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை இல்லாத பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டு, "நடக்கத்தான் உரிமை, காருக்கு இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதிடுவது வழக்கம். எந்த வாசகமாக இருந்தாலும் ஒன்று பொது: போய்வரும் உரிமை என்பது நிறுத்திவைக்கும் உரிமை ஆகாது.

உங்கள் பத்திரத்தில் வழி பற்றிப் பேச்சே இல்லையென்றால் மூலப்பத்திரத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலும் அது பாகப்பிரிவினைப் பத்திரமாக இருக்கும். வில்லங்கச் சான்றில் ஆவண எண்ணைப் பார்த்துக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். அதிலும் இல்லாவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, 20 ஆண்டுகள் வெளிப்படையாகவும், தடையில்லாமலும், உரிமையாகவும் பயன்படுத்திய வழிக்கு உரிமை கோரலாம். பிரித்த மனைக்கு வேறு வழியே இல்லையென்றால் 13-ஆம் பிரிவு துணைக்கு வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முன்வீட்டுக்காரர் நல்ல மனதுடனேயே, "உங்கள் அனுமதியின் பேரில் இப்பாதையைப் பயன்படுத்திவருகிறேன்" என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். அனுமதியின் பேரில் நடந்த வழிக்கு எத்தனை ஆண்டு ஆனாலும் 15-ஆம் பிரிவு பொருந்தாது.

அடுத்து அளவு. வாய்ச்சண்டையில் பாதி, அளந்து பார்த்தால் அடங்கிவிடுகிறது. 10 அடி என்பது 3.05 மீட்டர். ஸ்விஃப்ட் காரின் அகலம், கண்ணாடியை விட்டுவிட்டு, 1.73 மீட்டர், இன்னோவா கிரிஸ்டா 1.83. பாசேஜில் ஒரு கார் நின்றால் மிஞ்சுவது சுமார் 1.3 மீட்டர். ஆட்டோவின் அகலமே 1.3. "ஓரமாத்தானே நிறுத்தியிருக்கேன்" என்ற பதில் காருக்கு எடுபடாது.

இருசக்கர வண்டி வேறு விஷயம். ஆக்டிவாவின் நீளம் 1.83 மீட்டர். சுவருக்குக் குறுக்கே நிறுத்தினால் மிச்சம் 1.2 மீட்டர்தான், கார் போகாது. அதையே சுவரோடு ஒட்டி நீளவாக்கில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் 80 சென்டிமீட்டருக்குள் அடங்கும். மீதி 2.25 மீட்டரில் கண்ணாடியை மடக்கிக்கொண்டு இன்னோவாவே போய்விடும். சைடு ஸ்டாண்டில் சாய்த்தால் ஹேண்டில் வெளியே நீட்டிக்கொள்ளும், அங்கேதான் உரசல். நிறுத்தும் கோணத்தை மாற்றினாலே தீருகிற தகராறுகள் இவை.

அளக்கும்போது டேப்பைச் சுவரிலிருந்து சுவருக்குப் பிடிக்காதீர்கள். 4 அங்குல மழைநீர்க் குழாய், மீட்டர் பெட்டி, ஏசியின் வெளி யூனிட், வாசற்படி ஆகியவை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். 10 அடி என்று பத்திரம் சொல்லும் வழி அங்கே 9 அடிக்கும் குறைவாக இருக்கும். படிக்கட்டைப் பாசேஜுக்குள் இறக்கிக் கட்டியவர், அடுத்தவர் பைக்கைப் பற்றிப் புகார் தருவதையும் பார்க்கிறோம்.

கட்டுமானப் பொருள் இன்னொரு தலைவலி. ஒரு யூனிட் எம்-சாண்ட் 100 கன அடி. கொட்டினால் குவியலின் அடிப்பக்கம் ஏறக்குறைய 10 அடி பரவும். பாசேஜ் முழுக்க அடைபடும். வேலை செய்பவர்கள் அரை யூனிட்டாக இறக்கிக்கொள்ளலாம், அல்லது வந்த அன்றே காலி சிமென்ட் பைகளில் நிரப்பிச் சுவரோரம் அடுக்கலாம். பைக்கு 1.25 கன அடி என்றால் யூனிட்டுக்கு 80 பை. இரண்டு ஆட்களுக்கு அரை நாள் வேலை. மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். லாரி வந்து நின்ற பிறகு சொல்லிப் பயனில்லை.

அடுக்குமாடிகளில் சட்டம் கொஞ்சம் தெளிவு. டிரைவ்வே எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவான இடம். பில்டர் யாருக்காவது அதைத் தனியாக எழுதிக் கொடுத்திருந்தால், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திறந்த வெளியையும் ஸ்டில்ட் தளத்தையும் (தூண்களுக்கு இடையே வண்டி நிறுத்தும் தரைத்தளம்) பில்டர் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல், மும்பை நகல்சந்த் லாலுசந்த் வழக்கில் தீர்ப்பளித்தது. அது மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்துச் சொன்ன தீர்ப்பு என்பதையும் நினைவில் வையுங்கள். நம் ஊர் வழக்கில் வக்கீல் அதை எடுத்துக்காட்டலாம், அப்படியே ஒட்டிவிட முடியாது. வரைபடம் கையில் இல்லையென்றால், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் சிஎம்டிஏவிலோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மாநகராட்சியிலோ, எது அனுமதி தந்ததோ அங்கே, நகல் கேட்கலாம்.

சங்கம் அபராதம் போட வேண்டுமானால் துணைவிதியில் இடமும் பொதுக்குழுத் தீர்மானமும் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் அட்மின் அறிவித்த அபராதம் செல்லாது. கோபத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது எந்த நிலையிலும் கூடாது. குடியிருப்பவர் வாடகைதாரர் என்றால் கடிதத்தின் நகல் வீட்டு உரிமையாளருக்கும் போக வேண்டும். எந்த வண்டி எங்கே நிற்கும் என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

மாநகராட்சிச் சாலையில் உங்கள் கேட்டை மறித்து நிற்கும் வண்டிக்கு மட்டுமே போக்குவரத்துக் காவல் நேரடியாக உதவும். கட்டடத்தின் வாசலை அடைத்து நிறுத்தக் கூடாது என்பது சாலை விதி. முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய் அபராதம். 10 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் வண்டியை அப்புறப்படுத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் கேட்டுக்கு எதிர்ப்புறம் நிற்கும் வண்டி குழப்பமானது. 20 அடிச் சாலையில் எதிரே ஒரு கார் நின்றால் திருப்ப மிஞ்சுவது சுமார் 4.4 மீட்டர், 10 அடி கேட்டிலிருந்து கார் ஒரே வீச்சில் வெளியே வராது. வாசல் அடைபடவில்லை என்று அவர் சொல்வதும் உண்மை, கார் வரவில்லை என்று நீங்கள் சொல்வதும் உண்மை. இதைப் பேசித்தான் தீர்க்க முடிகிறது: நிறுத்துபவர் ஒரு கார் நீளம் தள்ளிப் போனால் போதும்.

அதேபோல, நாமே சாலையில் பூந்தொட்டி, மணல் மூட்டை, "நோ பார்க்கிங்" பலகை வைத்து இடம் பிடிப்பதற்கு எந்தச் சட்ட மதிப்பும் இல்லை. அது பொது வழியில் தடை. புகார் நம் மேலேயே திரும்பும். நம் தெருவில் இன்னும் சில தொட்டிகள் இருக்கின்றன. உரிமையாளர்கள் எடுத்துவிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இனி நடைமுறை. முதலில் நேரில் பேசுங்கள், வண்டியை எடுக்க வைத்த அதே சூட்டில் அல்ல, மறுநாள். "உங்க வண்டி" என்று ஆரம்பிக்காமல் "காலை 7.30-க்குப் பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று நேரத்தைச் சொன்னால் வேலை நடக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் தொலைபேசி எண் வைக்கச் சொல்லுங்கள். எம்-பரிவாகன் என்ற அரசுச் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயர் பாதி மறைந்துதான் வரும். அதை நம்பிப் பயனில்லை.

பேசித் தீராவிட்டால் பதிவேடு. ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் படம் எடுங்கள். நம்பர் பிளேட், உங்கள் கேட், விரித்த டேப் மூன்றும் ஒரே படத்தில் வர வேண்டும். தேதி, நேரம், எவ்வளவு நேரம் நின்றது என்று நோட்டில் எழுதுங்கள். கேமரா இருந்தால் பதிவைத் தனியே எடுத்துவையுங்கள். ஹார்டு டிஸ்க் சில வாரங்களில் பழையதை அழித்துவிடும். நீதிமன்றத்தில் அந்தப் பதிவோடு பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் கேட்பார்கள். அதன் பிறகு பதிவு வசதியுடன் ஸ்பீடு போஸ்டில், ஒப்புகையோடு ஒரு கடிதம். பத்திர எண், வழியின் அளவு, தேதிகள், என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் போதும். பழைய கதை வேண்டாம்.

காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்காமல் வராதீர்கள். பத்திரப் பாசேஜில் "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவதற்குக் காரணம் உண்டு. முறையின்றித் தடுத்தல் என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டம்) 126-ஆம் பிரிவில் குற்றம்தான். ஆனால் தனியார் வழியைத் தடுக்கத் தனக்கு உரிமை இருப்பதாக ஒருவர் நல்லெண்ணத்துடன் நம்பினால் அது குற்றமாகாது என்று அதே பிரிவில் விலக்கும் இருக்கிறது. எதிர்த்தரப்பு பட்டாவை நீட்டினால் காவலர் ஒதுங்கிக்கொள்வது இதனால்தான். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-ஆம் பிரிவின்படி, தடையை அகற்றக் கோரிக் கோட்டாட்சியரிடம் தரும் மனுவும் பொதுமக்கள் பயன்படுத்தும் வழிக்குத்தான். இரண்டு வீட்டுப் பாசேஜுக்கு அல்ல.

அந்த இடத்தில் இரண்டு வழிகள் மிஞ்சும். ஒன்று, சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு. கட்டணம் இல்லை, 15100 என்ற தொலைபேசி எண்ணில் விவரம் கேட்கலாம். சமரசம் லோக் அதாலத்தில் பதிவானால் தீர்ப்பாணைக்குச் சமம். அழைத்தும் எதிர்த்தரப்பு வராவிட்டால் கட்டாயப்படுத்த முடியாது என்பது குறை. மற்றது, உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை வழக்கு. வண்டி நிறுத்தாமல் தடுக்க ஓர் ஆணை, கட்டிய படியையோ போட்ட கேட்டையோ அகற்ற இன்னோர் ஆணை. இரண்டையும் மனுவில் கேட்க வேண்டும். கட்டுமானம் தொடங்கிய வாரமே போனால் ஒரு பலம், கட்டி முடித்து வர்ணம் அடித்த பிறகு போனால் வேறு.

டயரில் காற்றைப் பிடுங்குவது, கண்ணாடியை உடைப்பது, சக்கரத்தைச் சங்கிலியால் பூட்டுவது மூன்றையும் செயற்குழு ஆதரிக்காது. அதுவரை உங்கள் பக்கம் இருந்த கேமராப் பதிவு அந்த நிமிடம் முதல் அவர் பக்கம்.

மழைக்காலம் பற்றி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அனுபவத்துக்குப் பின், 2024 அக்டோபர் மழை எச்சரிக்கையில் வேளச்சேரி மேம்பாலத்திலேயே கார்கள் வரிசை கட்டி நின்றதை ஊரே பார்த்தது. நம் தெருவில் மேடான பாசேஜ்கள்தான் மேம்பாலம். அந்த நாட்களில் நிறுத்த இடம் கொடுப்பதில் தவறில்லை. வழியின் உட்கோடியில் இருந்து வாசல் நோக்கி நிரப்புங்கள், சாவியை வாசல் வீட்டில் கொடுங்கள், 108 வண்டி வந்து நிற்க வாசல் பக்கம் இடம் விட்டுவையுங்கள். தண்ணீர் வடிந்த மறுநாள் எடுத்துவிட வேண்டும்.

கோடு போடும் பணிக்கு ஒரு குறிப்பு. ஐப்பசி, கார்த்திகையில் போட்ட பெயின்ட் ஈரத்தரையில் உரிந்து வரும். மாசி, பங்குனிதான் காலம். பாசியைக் கம்பி பிரஷால் தேய்த்து, கழுவி, இரண்டு நாள் காயவிட வேண்டும். 60 அடி நீளத்துக்கு இரண்டு பக்கமும் 4 அங்குலக் கோடு என்றால் 40 சதுர அடி. சொரசொரப்பான தரையில் லிட்டருக்கு 50 சதுர அடி தேறினால் அதிகம். இரண்டு பூச்சுக்கு 2 லிட்டர் ரோடு மார்க்கிங் பெயின்ட் வாங்குங்கள். பேவர் பிளாக் தரையில் பெயின்ட் நிற்காது. அங்கே ஓர் வரிசையைப் பெயர்த்து மஞ்சள் பிளாக் பதிப்பதே மேல்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கும் தீர்மானங்கள்: பாசேஜ் உள்ள ஒவ்வொரு வீடும் சொத்து விவரப் பக்கத்தின் நகலைச் சங்கத்தில் தருவது, அளவெடுக்க இரண்டு உறுப்பினர், இரு தரப்பும் இருக்கும்போது மட்டும் செல்வது, கல்யாணம், வளைகாப்புப் பந்தலுக்கு மூன்று நாள் முன்னதாகப் பின்வீட்டாரிடம் எழுத்தில் சொல்லி, ஒரு பக்கம் 8 அடி திறந்துவைப்பது, பெயின்ட் செலவைப் பாசேஜைப் பயன்படுத்தும் வீடுகள் சமமாகப் பகிர்வது. நகல்களை வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் 12 வரை சங்க அலுவலகத்தில் தரலாம். அசல் பத்திரத்தை யாரும் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்