புயலுக்கு முந்தைய நாள் கடைக்கு வராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்துக்கு வீட்டில் சாமான் வாங்கி வைக்க வேண்டுமா என்பது பற்றி உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். போனில் தட்டினால் பத்து நிமிடத்தில் வாசலுக்கே வந்துவிடுகிற காலத்தில் வீட்டை எதற்குக் கிடங்காக்க வேண்டும், இதெல்லாம் வீண் பயம் என்பது அவர் வாதம். நான் மடிப்பாக்கம் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவன். கடைக்காரன் வாயால் 'வாங்கி வையுங்கள்' என்று சொன்னால் சரக்குத் தள்ளப் பார்க்கிறான் என்றுதான் தோன்றும், தோன்றட்டும். நான் சொல்லப்போவதைக் கேட்டால் என் வியாபாரம் ஒன்றும் கூடப் போவதில்லை, குறிப்பிட்ட ஒரு நாளில் கொஞ்சம் குறையவே செய்யும்.

அந்தப் பத்து நிமிட டெலிவரி 2023 டிசம்பர் 4ஆம் தேதி எங்கே போனது? மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை எல்லாம் மிதந்தபோது தெருவில் படகுதான் ஓடியது. கரன்ட் போனால் கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரும் படுத்துவிடும், டவர் இல்லாமல் ஆப் திறக்காது, திறந்தாலும் இடுப்பளவு தண்ணீரில் பைக் வராது. மழை விட்ட பிறகும் எத்தனையோ தெருக்களில் தண்ணீர் வடிய நாள் கணக்கில் ஆனது. அந்த நாட்களில் பால் பாக்கெட்டுக்குச் சொன்ன விலையை நான் எழுத வேண்டியதில்லை, வாங்கியவர்களுக்கு மறந்திருக்காது. 2015 வெள்ளத்திலும் இதே கதைதான், அப்போது ஏடிஎம்மும் சேர்ந்து படுத்துக்கொண்டது.

அதனால் வீட்டில் இருப்பு வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எதை, எவ்வளவு, எப்போது என்பதில்தான் நம் ஜனங்கள் தலைகீழாக நிற்கிறார்கள்.

முதலில் எப்போது என்பது. டிவியில் புயல் சின்னம் சுற்ற ஆரம்பித்ததும் சாயங்காலம் கடை வாசலில் கூட்டம் கூடும். என் மாதிரிக் கடைகளில் அரிசி, பருப்பு ஒரு வாரம், பத்து நாளுக்கு இருக்கும், ஆனால் பால், பிரெட், தண்ணீர் கேன் எல்லாம் அன்றன்றைக்கு வந்து அன்றன்றைக்கே தீருவது. தினம் வாங்குகிற குடும்பங்கள் எல்லாமும் ஒரே மாலையில் இரண்டு பங்கு கேட்டால் பாதிப் பேருக்கு ஒன்றுமே கிடைக்காது, ஊரில் சரக்கு இருந்தாலும் கிடைக்காது. முதலில் வந்தவர் நாலு பாக்கெட் பிரெட்டோடு போவார், அதில் இரண்டு பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போகும், வேலை முடிந்து எட்டு மணிக்கு வருகிற அம்மாவுக்குக் குழந்தைக்குக் கொடுக்க ஒரு ரஸ்க் கூட இருக்காது. இதையே செப்டம்பரில், மாதச் சாமானோடு கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியிருந்தால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது, நானும் அதற்கேற்ற மாதிரி மொத்தக் கடையில் கூடுதலாகச் சொல்லி வைத்திருப்பேன்.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 2020 ஏப்ரல் 25ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். மறுநாளிலிருந்து சென்னை, கோவை, மதுரையில் நாலு நாள் முழு ஊரடங்கு என்று முந்தைய நாள் அறிவித்தார்கள், மளிகைக் கடை கூடத் திறக்காது என்றார்கள். அவ்வளவுதான், கொரோனாவுக்குப் பயந்து அடைந்து கிடந்த ஊர் மொத்தமும் தோளோடு தோள் உரசிக்கொண்டு கடைகளில் நின்றது. நாலே நாள்! வீட்டில் நாலு நாளுக்கு இருப்பு இருந்தவர்கள் மட்டும் அன்றைக்கு வெளியே வரவில்லை. இருப்பு வைப்பதில் என்ன லாபம் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன், உங்களுக்கு லாபமோ இல்லையோ, அந்தக் கடைசி நாள் வரிசையில் ஓர் ஆள் குறைகிறது.

வதந்தியை நம்பி வாங்குவது வேறு ரகம். 2016 நவம்பரில், நோட்டு செல்லாது என்று அறிவித்த அதே வாரத்தில், வட மாநிலங்களில் உப்புக்குத் தட்டுப்பாடு என்று யாரோ கிளப்பிவிட்டு, கிலோ நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்றதாகப் படித்தோம். மூன்று பக்கமும் கடல் இருக்கிற தேசத்தில் உப்புக்குப் பஞ்சம்! 2025 மே மாதம் பாகிஸ்தான் எல்லையில் சண்டை நடந்தபோது சண்டிகரில் பதுக்கலுக்குத் தடை உத்தரவே போட்டார்கள், பெட்ரோலும் கேஸும் தாராளமாக இருக்கிறது, முண்டியடிக்காதீர்கள் என்று இந்தியன் ஆயில் அறிக்கை விட்டது. இந்த மாதிரி நேரங்களில் மூட்டை மூட்டையாக வாங்குகிறவரை முன்யோசனைக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, எதை வாங்குவது? ஜனங்கள் முதலில் கேட்பது அரிசி. மாதச் சாமான் வாங்குகிற வீட்டில் ஒரு சிப்பம் அரிசி எப்போதும் பாதியாவது இருக்கும் (25 கிலோ வரை பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி என்று 2022இல் வந்ததிலிருந்து அது 26 கிலோவாகிவிட்டது, அது தனிக் கதை). இத்தனை வருஷ வெள்ளத்தில் அரிசி இல்லாமல் தவித்த நடுத்தரக் குடும்பத்தை நான் பார்த்ததில்லை. தண்ணீர் இல்லாமல் தவித்தவர்களைத்தான் பார்த்தேன். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. கரன்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டி ஒரு நாளில் காலி, சம்ப்புக்குள் சாக்கடை கலந்த வெள்ளம் இறங்கியிருந்தால் கரன்ட் வந்த பிறகும் அதைத் தொட முடியாது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று, நாலு லிட்டர் என்று வைத்தாலும் நாலு பேர் வீட்டுக்கு ஒரு கேன் ஒன்றரை நாள் ஓடினால் அதிகம். அக்டோபர் பிறந்ததும் எப்போதும் மூன்று கேன் நிரம்பியே இருக்கட்டும், பழையதை முதலில் எடுத்து, புதிதாக வருவதைப் பின்னால் தள்ளுங்கள். கடையில் நாங்கள் செய்வதும் இதேதான். மழை பிடித்ததும் குளியலறையில் இருக்கிற பக்கெட், அண்டா எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள், கக்கூஸுக்கு ஊற்ற அதுவாவது ஆகும். இதற்குக் காசே கிடையாது.

அப்புறம் சமைக்காமல் சாப்பிடக்கூடியது. அவல், பொரி, பொட்டுக்கடலை, சத்துமாவு, வெல்லம், பேரீச்சம்பழம், ரஸ்க். பால் பவுடர் சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள், பெரிய டப்பாவைத் திறந்தால் ஈரக்காற்றில் கட்டி தட்டிவிடும். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் இருந்தால் வெறும் சோறு வடித்தே மூன்று வேளையை ஓட்டிவிடலாம். ஃப்ரிட்ஜில் இருப்பதை இருப்பில் சேர்க்காதீர்கள். கரன்ட் போன மறுநாள் இட்லி மாவு பொங்கி வழிவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் நம்பியிருப்பவர்கள் கரன்ட் இல்லாத நாளுக்கு என்ன வழி என்று இப்போதே யோசியுங்கள். கேஸ் உள்ளவர்கள் இரண்டாவது சிலிண்டரை ஐப்பசிக்கு முன்பே நிரப்பி வாங்கிவிடுங்கள்.

சின்னச் சாமான்கள்தான் கடையில் முதலில் தீரும். மெழுகுவத்தி, தீப்பெட்டி, கொசுவத்தி, பென்சில் பேட்டரி, நாப்கின். கேட்டுப் பாருங்கள், எந்தக் கடைக்காரரும் இதையேதான் சொல்வார். பேட்டரியை டார்ச்சுக்குள்ளேயே போட்டு வைத்தால் ஒழுகி டார்ச்சையும் சேர்த்துக் கெடுக்கும், தனியாக வையுங்கள். பவர் பேங்க் வாங்கி பீரோவில் பூட்டி வைத்தால் தேவைப்படுகிற அன்று அது செத்திருக்கும், அவ்வப்போது சார்ஜ் ஏற்றுங்கள். மருந்து ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும், பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதில் விளையாடக் கூடாது. உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நாலைந்து. இன்சுலின் போடுகிறவர்கள், கரன்ட் போனால் அதை எப்படி வைப்பது, எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

சில்லறைப் பணம். இதை யாரும் சாமான் பட்டியலில் சேர்ப்பதில்லை. 2016 டிசம்பர் 12 வர்தா புயலன்று நோட்டு செல்லாமல் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, கையில் காசு இல்லை, கார்டு தேய்க்கக் கரன்ட் இல்லை, மரங்கள் சாய்ந்து தெருவே அடைபட்டுக் கிடந்தது. முகம் தெரிந்தவர்களுக்குக் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு கடனாகக் கொடுத்தேன். முகம் தெரியாதவர் என்ன செய்வார்? இன்றைக்கு ஐந்து ரூபாய் சாக்லேட்டுக்குக்கூட க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணுகிற நிலைமை இன்னும் மோசம். பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாக ஓர் ஆயிரம், இரண்டாயிரத்தை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். சென்னையில் மிக்ஜாம் ஓய்ந்த இரண்டே வாரத்தில் டிசம்பர் 17, 18 தேதிகளில் தெற்கே என் சொந்த ஊர்ப் பக்கம், தாமிரபரணிக் கரையில், பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நகர முடியாமல் நின்றது உங்கள் பேப்பரிலும் வந்தது. ஏரல் பஜாரில் கடைகளுக்குள் ஆறு புகுந்துவிட்டது. மூட்டை மூட்டையாகச் சரக்கு வைத்திருந்த வியாபாரிகளுக்கே அன்றைக்கு ஒரு பிடி அரிசி மிஞ்சவில்லை, அப்புறம் வீடுகளைப் பற்றி என்ன சொல்ல! நனைந்த அரிசி ஊதி நாறும், பத்தடி தூரத்தில் நிற்க முடியாது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் எவ்வளவு வாங்கி அடுக்கினாலும் பரண் மேல் வைக்காவிட்டால் பிரயோஜனம் இல்லை. மாடி வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி வைத்து, ஒரு பையை அங்கே கொடுத்து வைப்பது அதைவிட நல்லது, ரேஷன் கார்டு, ஆதார், சர்டிபிகேட் எல்லாம் அதே பைக்குள்.

எவ்வளவு என்றால், நாலு நாள். மிஞ்சிப்போனால் ஒரு வாரம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் தன் மக்களுக்குச் சொன்னது 72 மணி நேரத்துக்கு. நம் ஊர் வெள்ளத்துக்கு அதோடு ஒரு நாள் சேர்த்தால் சரியாக வரும். கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை, ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தெருத்தெருவாகத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள், அதற்கெல்லாம் வீட்டு இருப்பு ஈடு கொடுக்காது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த மாதிரி மாதக்கணக்கில் நீளும் பஞ்சத்தில் கேன் அடுக்கி வைத்து என்ன ஆகும்? அதனால் ஆறு மாதத்துக்கு வாங்கிக் குவிக்காதீர்கள். ரவையில் வண்டு வரும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், மெழுகுவத்தி சித்திரை வெயிலில் வளைந்து கிடக்கும். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடாத எதையும் 'அவசரத்துக்கு' என்று வாங்காதீர்கள், அது கட்டாயம் எக்ஸ்பயரி ஆகும்.

கடைசியாக ஒன்று, அந்த வாசகரும் யோசிக்கவில்லை, வாங்கி வையுங்கள் என்று யூடியூபில் பட்டியல் போடுகிறவர்களும் யோசிப்பதில்லை. என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தினக்கூலிக்காரர்கள். கால் கிலோ பருப்பு, பத்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள், சின்ன பாக்கெட் எண்ணெய் என்று அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்குச் சமைப்பவர்கள். அவர்களிடம் போய் நாலு நாள் இருப்பு வையுங்கள் என்றால் சிரிப்பார்கள். மழை பெய்தால் வேலையும் இருக்காது, ஆக, தேவை கூடுகிற அதே நாளில் வரவு நின்றுபோகிறது. இலவச அரிசி ரேஷனில் கிடைக்கிறது, உண்மைதான், ஆனால் வெள்ளம் வந்த பிறகு கடை திறக்காது, திறந்தாலும் போக முடியாது. நவம்பர், டிசம்பர் மாதத்து அரிசி, பருப்பு, பாமாயில், சர்க்கரையை அக்டோபரிலேயே சேர்த்துக் கொடுப்பதை, தாழ்வான பகுதிகளிலாவது, ஒவ்வொரு வருஷமும் தவறாத வழக்கமாக்க வேண்டும். வார்டுக்கு ஒரு இடத்தில், மாடியில், குடிதண்ணீரும் பால் பவுடரும் முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும், வெள்ளம் வந்த பிறகு லாரியில் ஏற்றினால் அது மெயின் ரோடோடு நின்றுவிடும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். 'பொருட்கள் வாங்கக் குவிந்த மக்கள்' என்று காலியான கடை ராக்கைப் படம் பிடித்துப் போடாதீர்கள், அதைப் பார்த்துத்தான் மீதிப் பேரும் ஓடி வருகிறார்கள். அதற்குப் பதில் செப்டம்பர் கடைசி ஞாயிறு என்ன வாங்கி வைக்கலாம் என்று ஒரு கால் பக்கம் போடுங்கள். வெட்டி என் கடைக் கதவில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர் ஒருவர்,
மடிப்பாக்கம், சென்னை