எந்தக் கணினியை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுபோயின. அதிலிருந்து காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் உள்ள கடைகள், அரிசி ஆலைகள், பத்திர எழுத்தர் அலுவலகங்கள் என எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: இருக்கிற கணினியை வைத்தே ஓட்டலாமா, விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமா, புதிதாகவே வாங்கிவிட வேண்டுமா? இப்பகுதி ஆலைகளுக்கும் வணிகர்களுக்கும் நீண்ட காலமாகக் கணக்கு எழுதிவருபவன் என்ற முறையில் இதுபற்றிச் சில செய்திகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். கணினி விற்பவர்கள் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். முதலாளிகளில் பலரோ, நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்குக் கை வைக்க வேண்டும் என்கிறார்கள். கடையில் உள்ள கணினிகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்கப் பார்ப்பதால்தான் இரு தரப்பாரும் தவறுகிறார்கள் என்பது என் கருத்து. ஒவ்வொரு கணினியாக எடுத்துக்கொண்டு, அது என்ன வேலை செய்கிறது, அதில் எந்தக் கேபிள் செருகியிருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில், ஆதரவு முடிந்தது என்றால் என்ன என்பதே பலருக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. கணினி நின்றுவிடாது, பில் போடும், அச்சடிக்கும், கோப்புகள் திறக்கும். 2025 அக்டோபருக்குப் பிறகு அந்த இயங்குதளத்தில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாமல் கிடக்கும் என்பதுதான் பொருள். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பத்துக்கும் பதினொன்றுக்கும் உள்கட்டமைப்பில் பெரும்பகுதி பொதுவானது. பதினொன்றுக்கு மாதந்தோறும் வரும் திருத்தத்தைப் பிரித்துப் பார்த்தாலே, எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்று விவரம் தெரிந்தவர்களால் ஊகித்துவிட முடியும். அதே ஓட்டை பத்திலும் இருந்தால் அங்கே அது திறந்தே கிடக்கும். ஆகவே நாள் செல்லச் செல்ல ஆபத்து கூடுமே தவிரக் குறையாது. வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வோருக்கு ஒரு விளக்கம்: விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்கு வைரஸ் அடையாளக் குறிப்புகள் 2028 அக்டோபர் வரை கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் அறியப்பட்ட வைரஸைப் பிடிப்பது வேறு, இயங்குதளத்தின் ஓட்டையை அடைப்பது வேறு.

எங்கள் பகுதி அரிசி ஆலை ஒன்றின் அலுவலக அறையை எடுத்துக்கொள்வோம். சன்னலை ஒட்டிய மேசையில் எடைமேடைக் கணினி இருக்கும். நெல் லாரி மேடையில் ஏறியதும் எடை காட்டும் கருவியிலிருந்து ஒன்பது முனை சீரியல் கேபிள் வழியாக எண் கணினிக்கு வரும். பழைய மென்பொருள் ஒன்று அதை வாங்கி, வண்டி எண்ணோடு சேர்த்து, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் எடைச்சீட்டாக அடித்துக் கொடுக்கும். சிபியூவைத் திறந்தால் உமித்தூசி விரல்கனத்துக்குப் படிந்திருக்கும். அதில் இருப்பது பெரும்பாலும் விண்டோஸ் 7. சில இடங்களில் அதற்கும் முந்தைய எக்ஸ்பி. அடுத்த மேசையில் கணக்குக் கணினி: டாலி என்ற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி, இ-வே பில், வங்கி, மின்னஞ்சல் எல்லாம் அதில்தான்.

எடைமேடைக் கணினியை மாற்றுங்கள் என்று எவரேனும் சொன்னால், கேட்பதற்கு முன் யோசிக்க வேண்டும். அந்த மென்பொருள் பழைய 16 பிட் வகையாக இருந்தால் 64 பிட் விண்டோஸில் ஓடாது. விண்டோஸ் 11 என்பதோ 64 பிட்டில் மட்டுமே வருவது. புதிய கணினிகளில் சீரியல் போர்ட் பெரும்பாலும் இருப்பதில்லை. யுஎஸ்பி மாற்றி போட்டால் போர்ட் எண் மாறிப்போய், பழைய மென்பொருள் எடையை வாங்காமல் நிற்பதும் உண்டு. மென்பொருள் எழுதிக் கொடுத்தவரை இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை. லாரிகள் வரிசையில் நிற்க எடைச்சீட்டு அடிக்க முடியாமல் போனால் அந்த நாளின் வேலையே முடங்கிவிடும். எனவே அந்தக் கணினியை அப்படியே விட்டுவைப்பதுதான் அறிவுடைமை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைத்தான் பெரும்பாலான இடங்களில் கைவிட்டுவிடுகிறார்கள்.

எடைமேடைக் கணினியில் இணையம் கிடையாது என்று முதலாளி உறுதியாகச் சொல்வார். பிரவுசரைத் திறந்து எதையும் பார்ப்பதில்லை என்ற அளவில் அது உண்மை. மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், எடை விவரங்களைக் கணக்குக் கணினியிலேயே பார்ப்பதற்காக இரண்டையும் ஒரே சுவிட்சில் கேபிள் போட்டு இணைத்திருப்பார்கள். அந்த சுவிட்ச் இணையம் தரும் ரவுட்டரில் போய்ச் சேரும். 2017 மே மாதம் உலகமெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற தீநிரல் இப்படிப்பட்ட இணைப்புகளில்தான் புகுந்து ஓடியது. கோப்புகளைப் பகிர்வதற்கென்று விண்டோஸில் உள்ள வசதியின் ஓட்டை அதற்குப் போதுமாக இருந்தது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. அந்த ஓட்டைக்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியாகியிருந்தது என்பதும், பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி அதைப் போட்டுக்கொள்ளாத விண்டோஸ் 7 கணினிகள் என்பதும் நாம் மறக்கக் கூடாதவை. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளே அப்போது சிகிச்சைகளைத் தள்ளிவைக்க நேர்ந்தது.

எனவே பழைய கணினியை வைத்துக்கொள்ள முடிவு செய்பவர்கள் அந்தக் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். மாலையில் எடைச்சீட்டுகளைப் பார்த்துக் கணக்கில் பதிவது கூடுதல் வேலைதான். இருந்தாலும் செய்யத்தக்க வேலை. கண்ட பென்டிரைவையும் அதில் செருகக் கூடாது. அதோடு, அதன் ஹார்டு டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து உறையில் போட்டு வைத்திருக்க வேண்டும். உமித்தூசிக்கு நடுவே ஓடும் டிஸ்க் என்று நின்றுபோகும் என்று சொல்ல முடியாது.

கணக்குக் கணினியின் நிலை இதற்கு நேர்மாறானது. பணமும் கடவுச்சொல்லும் வாடிக்கையாளர் விவரமும் அதில் இருக்கின்றன. இணையம் இல்லாமல் அது இயங்கவும் முடியாது. அதைப் பொறுத்தவரை, மாற வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. எப்படி மாறுவது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். முறையான உரிமத்தோடு பத்து ஓடும் கணினி தகுதியுடையதாக இருந்தால் பதினொன்றுக்கு மாறக் கட்டணம் இல்லை. அந்தத் தகுதியைத்தான் வாங்குபவர் தாமே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இன்டெல் பிராசசரில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கப்படுகிறது. ஐ5-7400 என்று இருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 7 ஏழாம் தலைமுறையைக் குறிக்கும், அது ஆகாது, ஐ5-8400 ஆகும், ஐ5-10400 என்றால் பத்தாம் தலைமுறை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அது இல்லை என்று திரையில் செய்தி வந்தவுடன் கணினியையே கழித்துக்கட்டிவிடுகிறார்கள். எட்டாம் தலைமுறைக்குப் பிற்பட்ட பல மதர்போர்டுகளில் அந்த வசதி, கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்புத் திரையில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும்; இயக்கிவிட்டால் போதும். இதைச் சொல்லாமலேயே புதிய கணினியைத் தலையில் கட்டும் வழக்கம் வருத்தத்துக்குரியது. ரீகண்டிஷன் கணினி வாங்குவோரும் தலைமுறை எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். திரையில் விண்டோஸ் 11 தெரிவதை மட்டும் நம்பக் கூடாது. தகுதிச் சோதனையைக் குறுக்கு வழியில் தாண்டி ஏற்றிக் கொடுப்பதும் நடக்கிறது. அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. அதைவிட மோசமானது, உரிமம் இல்லாத விண்டோஸை ஏற்றி, அதைச் செயல்படுத்துவதற்காகப் பாதுகாப்பையே அணைக்கச் சொல்லும் நிரல்களை ஓட்டுவது. பாதுகாப்புக்காக மாறப்போய்ப் பாதுகாப்பை விற்றுவிட்டு வருவதாகும் அது.

உடனே மாற வசதி இல்லாதோருக்குச் சிறிது அவகாசம் உண்டு. வீட்டுப் பயனர்களுக்கு விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பில் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று அறிவித்தார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமித்துவைத்தால் பணம் கட்டாமலே பதிவு செய்யலாம்; இல்லையெனில் 30 டாலர். நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டாலர்; ஒவ்வோர் ஆண்டும் அது இரட்டிப்பாகும்; மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடையாது. இது தவணை வாங்குவதே என்பதால், இதை நம்பி மாற்றத்தை மறந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதே 2025 அக்டோபர் 14இல் ஆபீஸ் 2016, 2019 ஆகியவற்றின் ஆதரவும் முடிந்துவிட்டது என்பது பலர் கவனத்துக்கு வரவில்லை.

மாறும்போது நேரும் ஒரு விபரீதத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11 புதிதாக ஏற்றப்படும் கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழையும்போது டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டுவிடுவது இப்போது பரவலாகிவிட்டது. அதன் மீட்புச் சாவியான 48 இலக்க எண் அந்தக் கணக்கில் போய் உட்காரும். நம் ஊர்களிலோ, ஏற்றிக் கொடுக்க வருபவர் வேலை எளிதாக முடிய வேண்டும் என்று தம்முடைய மின்னஞ்சலையே கொடுத்து நுழைந்துவிட்டுப் போகிறார். பின்னொரு நாள் மதர்போர்டு பழுதாகி அந்த எண்ணைக் கணினி கேட்டால், அது யாரிடமோ இருக்கும். கணக்கு முழுவதும் டிஸ்க்கில் இருந்தும் இல்லாததாகிவிடும். உரிமையாளர் தம் மின்னஞ்சலைக் கொண்டே நுழைய வேண்டும். அந்த எண்ணைத் தாளில் அச்சிட்டுப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வைக்க வேண்டும்.

பழைய தரவு திறக்குமா என்ற கவலை நியாயமானது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் வைத்த பேரேடுகளை இன்றும் பெட்டகத்திலிருந்து எடுத்து வாசிக்க முடிகிற ஊர் இது. சில ஆண்டுகளுக்கு முந்தைய கணினிக் கணக்கை அப்படி எடுத்து வாசிக்க முடியாது, அதே மென்பொருளும் அதன் உரிமமும் கூடவே இருக்க வேண்டும். எனவே மாறுவதற்கு முன் பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் உண்மையாகவே திறந்து பார்த்துவிட வேண்டும். ஆண்டுக் கணக்குகளைப் பிடிஎஃப் வடிவிலும் எடுத்து வைக்கலாம். பத்திர எழுத்தர்களும் அச்சகத்தாரும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். யூனிகோடு வருவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். எழுத்துருக் கோப்புகளைத் தனியே நகலெடுத்துக்கொண்டுதான் பழைய டிஸ்க்கை அழிக்க வேண்டும். டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கான டிரைவர் மென்பொருள் புதிய கணினியில் வேலை செய்கிறதா என்பதையும் வரித் தாக்கலின் கடைசி வாரத்துக்கு வெகு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

தகுதியில்லாத கணினிகள் எல்லாம் குப்பைக்குப் போக வேண்டும் என்பதில்லை. பிரவுசர், தட்டச்சு, மின்னஞ்சல் என்ற அளவில் பயன்படுவனவற்றில் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் இயங்குதளங்களை ஏற்றினால் பழைய பிராசசரிலும் புதுப்பிப்புகளோடு ஓடும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் வேகமும் கூடும். தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் இந்தியாவிலேயே உருவான பாஸ் லினக்ஸும் இருந்ததால் நம் பிள்ளைகள் பலருக்கு அது புதிதும் அல்ல. டாலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது என்பதால் கணக்குக் கணினிக்கு மட்டும் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிறு வணிகர் ஒருவர் இவற்றையெல்லாம் தனியே ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. இன்று அவருக்கு யோசனை சொல்ல இருப்பவர், விற்பனையால் ஆதாயம் அடைபவர் ஒருவரே. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. வணிகர் சங்கங்களும் மாவட்டத் தொழில் மையமும் இந்நிறுவனங்களோடு சேர்ந்து, புதுவயலிலும் தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் முகாம் நடத்தி, மாணவர்களைக் கொண்டு ஒவ்வொரு கணினிக்கும் அதன் தலைமுறை, டிபிஎம் நிலை, இணைப்பு, இருக்கும் மென்பொருள்கள் ஆகியவற்றைக் குறித்து, மாறலாம், மாற இயலாது, இணைப்பைத் துண்டித்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். நீட்டிப்புக்கு அறிவித்த தேதிக்கு முன்பாக இது நடந்தால்தான் பயன். தங்கள் நாளிதழ் இக்கோரிக்கையை மாவட்ட நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரிசி ஆலைக் கணக்கர் ஒருவர்,
புதுவயல், சிவகங்கை மாவட்டம்.