புல்வெளி வீடு: உறுப்பினர்களின் கருத்துகள்

அன்பான உறுப்பினர்களுக்கு வணக்கம்.

லாரா இங்கால்ஸ் வைல்டரின் ‘லிட்டில் ஹவுஸ் ஆன் தி பிரெய்ரி’ (1935) நாவலைப் பிள்ளைகளோடு படித்துக் கருத்து எழுதிய அனைவருக்கும் நன்றி. இரும்பு ஆணியே இல்லாமல், மர முளைகளை அடித்துச் சிறுமி லாராவின் அப்பா கதவு செய்வதும், கிறிஸ்துமஸுக்காக அண்டை வீட்டுக்காரர் எட்வர்ட்ஸ் வெள்ளம் பெருகிய ஓடையை நீந்திக் கடந்து தகரக் குவளைகளும் மிட்டாயும் கொண்டுவருவதும் பிள்ளைகளை மிகவும் கவர்ந்ததாகப் பலர் எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டிலும் அப்படித்தான்.

ஆனால், அந்த வீடு எழுந்த கான்சாஸ் நிலம் அப்போது அமெரிக்கப் பூர்வகுடியினரான ஓசேஜ் மக்களுடையது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே தீர வேண்டும் என்று சில பெற்றோர் எழுதியதை முழுமனதோடு ஏற்கிறேன். அங்கே மனிதர்களே இல்லை, ‘இந்தியர்கள்’ (அமெரிக்கப் பூர்வகுடியினர்) மட்டுமே வாழ்ந்தார்கள் என்ற பொருளில் முதல் பதிப்பில் இருந்த வரியில், ‘மனிதர்கள்’ என்ற சொல், வாசகர் ஒருவரின் கடிதத்துக்குப் பிறகு, 1953 பதிப்பில் ‘குடியேறிகள்’ என்று மாற்றப்பட்டது. இத்தகைய சித்திரிப்புகள் காரணமாக, அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறார் பிரிவு, வைல்டர் பெயரில் வழங்கிவந்த விருதின் பெயரை 2018இல் மாற்றியது.

ஞாயிறு மாலை 5 மணிக் கூட்டத்துக்கு வருமுன், ஓசேஜ் மக்கள் குதிரைகளில் வரிசையாக விலகிச் செல்வதையும், தாயோடு போகும் ஒரு குழந்தையின் கரிய கண்களைப் பார்த்துச் சிறுமி லாரா அழுவதையும் சொல்லும் அத்தியாயத்தை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.